ஜன்னல் வரைக்கும் ஒரு கம்பி

"அந்தக் கம்பியை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போறீங்களாமே டீச்சர். இது நியாயமுங்களா?"

சென்னியப்பன் வாசற்படியில் நின்றபடியே கேட்டார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

டீச்சர் நிமிரவில்லை. காலில் கட்டி நடக்கப் பழக்கும் சின்னச் சின்ன மணல்மூட்டைகளை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கய்யா."

டீச்சரின் பெயர் மெஹருன்னிசா. பிசியோதெரபி படித்தவர். ஆனால் ஊரில் யாரும் அவரை டாக்டர் என்றோ மேடம் என்றோ கூப்பிடுவதில்லை. விழுந்துபோன காலை எழுப்பி நடை சொல்லிக்கொடுக்கிறவர், அதனால் டீச்சர். வயது முப்பத்தெட்டு. அவரிடம் நடை படித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவரை மகள் என்று சொல்லிக்கொள்ளும் வயது.

சென்னியப்பனும் அப்படிப் படித்தவர்தான். பொதுப்பணித் துறையில் வாய்க்கால், மதகு என்று முப்பத்தைந்து வருஷம் ஓடினார். ஓய்வு பெற்ற மறுவருஷம் ஒரு காலையில் பல் துலக்கும்போது பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் போய்விட்டன. இந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் எட்டு மாதம் இருந்துதான் மறுபடியும் நடந்தார். அது ஆயிற்று ஏழு வருஷம்.

இப்போது அந்த ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். பஸ் டெப்போவுக்குப் பின்னால் புதுக் கூடம் எழும்பிவிட்டது. சுவரில் பொருத்தும் பிடிகம்பி மட்டும் பாக்கி. கட்டட வேலை தெரிந்தவர், இங்கேயே நடக்கப் பழகினவர் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டிக்காரர்கள் அந்த ஒரு வேலையைச் சென்னியப்பனிடம் விட்டிருந்தார்கள்.

"எந்தக் கம்பி வேணும்னு நீங்கதானே சொல்லணும்?" என்றார் டீச்சர்.

"நான் என்னத்தைச் சொல்றது? இதுதானுங்க."

சுவரைக் காட்டினார்.

கதவில் தொடங்கி ஜன்னல் வரைக்கும், இருபதடி நீளத்துக்கு, உருட்டிக் கடைந்த தேக்குக் கம்பி. வார்னிஷ் எல்லாம் எப்போதோ போய்விட்டது. எத்தனையோ கைகளின் எண்ணெயும் வியர்வையும் இறங்கிக் கறுத்துப்போய், கோயில் தூண் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க இதுவே வேணும்?"

"இதுதானே என்னை நடக்க வெச்சுது!"

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த முக்காலியை எடுத்துவந்து கம்பிக்கு எதிரே போட்டார்.

"நாளைக்குக் காலைல வந்து இதுல உக்காருங்க. யார் மொகத்தையும் பார்க்காதீங்க. கையை மட்டும் பாருங்க."

*

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் சென்னியப்பன் வந்து உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததும் பழைய நாட்கள் எல்லாம் ஒன்றாக வந்து சூழ்ந்துகொண்டன. அதே தைல வாசனை. கடகடவென்று சுற்றும் அதே விசிறி. பக்கத்து வார்டில் யாரோ வைத்திருக்கும் ரேடியோ. ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால், அதற்கப்பால் நெல்வயல், வயல் நிறையக் கொக்கு.

முதல்முதலாக அந்த ஜன்னலைத் தொட்ட நாள் அவருக்கு அப்படியே நினைவிருந்தது. வலது கை கம்பியில். இடது கால் பின்னாலேயே இழுபட்டு வருகிறது. ஒவ்வொரு சாணாக நகர்ந்து, வியர்த்து வழிந்து, ஜன்னலில் போய் நின்று வெளியே பார்த்தார்.

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தைந்து வருஷமாக அவர் திறந்துவிட்ட தண்ணீர்தான். ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தார். அழுகை வந்துவிட்டது.

"ஐயா, கை" என்றார் டீச்சர், அந்தப் பக்கமாகப் போகிறபோது.

சென்னியப்பன் நினைவை உதறிவிட்டுக் கையைப் பார்த்தார். கம்பியைப் பற்றியிருந்த கை, மாராயியுடையது. களை எடுக்கப் போன இடத்தில் வரப்பில் விழுந்து இடுப்பு முறிந்தவள். குள்ளமான பெண். கம்பி அவள் விலாவுக்கு வந்தது. பிடித்ததும் தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டது. பத்தடி போவதற்குள் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அடுத்து வந்தவர் முடக்குவாதம் பிடித்த ஒரு நெசவாளி. விரல்கள் மடங்கவில்லை. அந்தப் பருமனான கம்பியைச் சுற்றி வளைக்க முடியாமல், கை அதன்மேல் காக்கை உட்கார்ந்த மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. கால் தடுமாறினபோது கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. டீச்சர்தான் தாங்கினார்.

பிறகு ஒரு லாரி டிரைவர். நல்ல ஆகிருதி. கம்பிக்கும் சுவருக்கும் நடுவே அவர் கை போகவில்லை. அழுத்திப் பிடித்து நடந்து முடித்தபோது நான்கு விரல் முட்டியிலும் சுண்ணாம்பு. ஒரு முட்டியில் ரத்தம்.

கடைசியாக எட்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று. காலில் ஆபரேஷன் ஆனது. கம்பி அதற்கு நெற்றிக்கு வந்தது. அது கம்பியை விட்டுவிட்டு, கம்பியைத் தாங்குகிற இரும்பு முளையைப் பிடித்தது. அந்த முளையிலிருந்து அடுத்த முளைக்குத் தாவப் பார்த்தது.

மதியம் கூடம் காலியானது. சென்னியப்பன் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கைக்குள் அம்சமாக வந்து உட்கார்ந்தது.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுங்களே."

"அதைப் பொருத்தின ஆசாரி உங்க உசரமாம்" என்றார் டீச்சர்.

சென்னியப்பன் கையை எடுத்துவிட்டார்.

*

இரண்டு நாள் கழித்து வந்தார். கையில் ஒரு முழ நீள எவர்சில்வர் குழாய். ஈரோட்டுக் கடையில் மாதிரிக்குக் கேட்டு வாங்கி வந்தது.

"இப்பல்லாம் இதுதானுங்க போடறாங்களாம். துருப்பிடிக்காது. செல்லரிக்காது. துடைச்சாப் போதும், பளிச்சுனு ஆயிரும். மெல்லிசாவும் இருக்குது. பாருங்க."

டீச்சர் குழாயை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். அலமாரியைத் திறந்து தைலப் புட்டியை எடுத்தார்.

"கையை நீட்டுங்க. அது இல்ல, இடது."

சென்னியப்பன் இடது கையை நீட்டினார். ஏழு வருஷம் ஆகியும் அந்தக் கை இன்னும் பாதித் தூக்கத்தில்தான் இருந்தது. டீச்சர் அதில் தைலத்தை ஊற்றி, காலையில் வரும் நோயாளிகளுக்குத் தேய்ப்பதுபோலவே நன்றாகத் தேய்த்தார்.

"இப்பப் பிடிங்க."

மார்கழிக் காலை. குழாய் ஐஸ்கட்டியாக இருந்தது. தொட்டதும் விரல்கள் தாமாகவே விறைத்துக்கொண்டன. அவற்றை மடக்கிப் பிடிப்பதற்குள் குழாய் நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

டீச்சர் அதை எடுக்கவில்லை. உடைந்துபோன பழைய நாற்காலியின் கைப்பிடி ஒன்றை நீட்டினார். மரக்கைப்பிடி. மெலிதானது.

அது கையில் நின்றது.

"மரம்னு சொல்றீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே."

சென்னியப்பன் குனிந்து குழாயைப் பொறுக்கிக்கொண்டார்.

*

அடுத்த வாரம் முழுக்க அவர் வரைந்தார். உத்தியோகத்தில் இருந்தபோது வைத்திருந்த அளவுகோலும் பென்சிலும் மறுபடி மேஜைமேல் வந்தன. மனைவி பூவாத்தாள் சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ" என்பார். சோறு ஆறிப்போகும்.

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தபோது அவர் நடையில் பழைய மிடுக்கு இருந்தது.

"பாருங்க. கம்பி மரம்தான். ஒன்றரை அங்குலப் பருமன், அதுக்கு மேல இல்ல. எந்தக் கையும் சுத்திப் பிடிக்கும். சுவத்துக்கும் கம்பிக்கும் நாலு விரல் இடைவெளி. டிரைவர் கையும் போகும். தாங்கியில பல் வெச்சிருக்கேன். வேண்டிய உசரத்துக்கு ஏத்தி எறக்கிக்கலாம். கீழ இன்னொரு கம்பி, குழந்தைங்களுக்கு. போல்ட்டு பூச்சுல நிக்காது, செங்கல்லுக்குள்ளயே போயிரும். டிரைவரே முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினாலும் அசையாதுங்க."

"தரை?"

"வழுக்காத ஓடு. ஈரமானாலும் வழுக்காது."

"பழைய தேக்கு?"

சென்னியப்பன் சுவரிலிருந்த கம்பியைப் பார்த்தார்.

"அது எனக்கு நல்லா இருந்துச்சுங்க" என்றார். "அவ்வளவுதான்."

டீச்சர் வரைபடத்தைக் கட்டில்மேல் விரித்தார். வரைந்திருந்த கதவில் விரலை வைத்தார். கம்பியின் கோட்டோடு மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஜன்னலில் விரல் நின்றது.

"ஜன்னலுக்குப் போயாச்சு."

"ஆமாங்க."

"எப்படித் திரும்பி வந்தீங்க?"

சென்னியப்பன் சிரித்தார். "எப்படி வர்றது, நடந்துதான்."

"எதைப் புடிச்சு?"

"கம்பியைத்தான்."

"எந்தக் கையில?"

வலது கையைத் தூக்கினார். தூக்கினவர் ஏதோ உறைத்தது மாதிரி எழுந்து ஜன்னலுக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைப் பார்க்கத் திரும்பினார்.

சுவர் இடது பக்கம் வந்துவிட்டது. கம்பியும் இடது பக்கம். அந்த நாளில் இடது கை துணிப்பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வலது கைப் பக்கம் ஒன்றுமே இல்லை. தூரத்தில் எதிர்ச்சுவர், அதை அடைத்துக்கொண்டு பீரோவும் கட்டில்களும்.

சென்னியப்பன் அங்கேயே நின்றார்.

ஜன்னலுக்குப் போனது ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தது. திரும்பி வந்தது ஒன்றுகூட நினைவில்லை.

"டீச்சர், நீங்களா?"

"நான் இல்லீங்க."

"பின்ன யாருங்க?"

டீச்சர் வரைபடத்தைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, அவர் கையில் கொடுத்தார்.

*

மூன்று நாள் சென்னியப்பன் யாரிடமும் கேட்கவில்லை. தானே கண்டுபிடித்துவிட வேண்டும் என்றிருந்தார்.

கண்ணை மூடினால் ஜன்னல் வந்தது. தண்ணீர் வந்தது. ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்பதும், அதைப் பார்த்து, 'நீயும் என்னை மாதிரிதானா' என்று அவர் நினைத்துக்கொண்டதும் வந்தது. அதற்கப்புறம் சட்டென்று கதவருகில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நடுவில் இருபதடி. அங்கே வெறும் இருட்டு.

நான்காம் நாள் மதியம், பூவாத்தாள் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள."

"ம்."

"ஆஸ்பத்திரில நான் கம்பியைப் புடிச்சுட்டு ஜன்னல் வரைக்கும் போவனல்ல?"

"ஆமா."

"அங்கிருந்து எப்படித் திரும்பி வருவேன்?"

பூவாத்தாளின் விரல்கள் நின்றன.

"இதென்னங்க கேள்வி?"

"நெசமாலுமே நெனப்பில்ல புள்ள."

அவள் அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி மொச்சையை எடுத்தாள்.

"போறப்போ கம்பி. வர்றப்போ நானுங்க."

"நீ வெளிய பெஞ்சுல பிளாஸ்க்கை வெச்சுட்டு உக்காந்திருப்பியே!"

"அது மொத ஒரு வாரம். அப்புறம் டீச்சர் கூப்பிட்டாங்க. 'அம்மா, இந்தப் பக்கம் கம்பி இல்ல, ஆளும் பத்தலை, நீங்க வந்து நில்லுங்க'ன்னாங்க. எப்படி நிக்கணும், உங்க கால் மடங்குனா எப்படித் தாங்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. நீங்க ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்ப்பீங்க. நான் உங்க வலது பக்கமா வந்து நிப்பேன். திரும்புனதும் கையைத் தூக்கி என் தோள்ல வெச்சுக்குவீங்க. தெனமும்."

"எட்டு மாசமும்?"

"ஏழு மாசம். கடைசி மாசம் குச்சி ஊனிட்டீங்க."

வெளியே யாரோ உப்பு விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தேய்ந்து மறைந்தது.

"நான் ஒண்ணும் பேச மாட்டனா?"

"எங்க பேசுனீங்க? ஜன்னல்கிட்ட இருக்கற வரைக்கும் நல்லாத்தான் இருப்பீங்க. திரும்புனா மொகம் கறுத்துரும். அந்தச் சக்கர நாற்காலியைப் பார்த்தாலே உங்களுக்கு ஆகாது. கோவம் பூராவும் கைக்கு வந்துரும். தோளை ஒரு புடி புடிப்பீங்க பாருங்க."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா கையை எடுத்துருவீங்க."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

பூவாத்தாள் ஒரு காயைப் பிளந்தாள். உள்ளே இருந்தது சொத்தை. அதை ஒதுக்கிவிட்டு, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கு அந்த நாளுங்கள்லாம் புடிச்சிருந்துச்சுங்க."

"என்ன புள்ள சொல்ற?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து நீங்க முன்னாடி போவீங்க, நான் பின்னாடி வருவேன். சந்தைக்குப் போனாலும் சரி, ஒரு எழவுக்குப் போனாலும் சரி. நான் எட்டிப் புடிக்கறதுக்குள்ள நீங்க அந்த வீட்டு வாசல்ல நிப்பீங்க. இந்த முப்பத்தஞ்சு, நாப்பது வருசத்துல நாம ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தது அந்த இருபதடிதானுங்க."

கொஞ்சம் சிரித்தாள்.

"இப்பவும் முன்னாடிதான் போறீங்க. கால் நல்லாயிருச்சல்ல."

அவர் முறத்திலிருந்து ஒரு காயை எடுத்தார். இடது கையால் பிடித்து உரிக்கப் பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று. அவள் வாங்கிக்கொள்ளவில்லை, அவரே உரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

எதிர்ச்சுவரில் இரண்டாவது கம்பிக்குக் கோடு போட உட்கார்ந்தபோது பென்சில் ஓடவில்லை.

போடத்தான் வேண்டும். அது அவருக்குத் தெரிந்தது. இடது பக்கம் விழுந்தவருக்குப் போக ஒரு சுவர், வர ஒரு சுவர். ஆனாலும் அந்தக் கோட்டைப் போட மனசு வரவில்லை. ஒரு இடத்தை அடைக்கிற மாதிரி இருந்தது.

டீச்சரிடம் போய்ச் சொன்னார்.

"பூவாத்தா சொல்லிட்டாளுங்க."

"சரிங்க."

"எதிர்ச்சுவத்துலயும் போட்டாகணும்."

டீச்சர் காத்திருந்தார்.

"ஒத்தையா வர்றவங்க இருக்காங்க. மாராயிக்கு யாரு இருக்கா? அந்த நெசவுக்காரரு பஸ்ல தனியாத்தான் வர்றாரு. எல்லாத்துக்கும் ஒரு தோள் இருந்துருமுங்களா?" அவர் கொண்டுவந்த தாளை எடுத்தார். "ஆனா போட மனசு வரலீங்க."

"மனசு வராமயே போடுங்க" என்றார் டீச்சர்.

அங்கேயே, கட்டில்மேல் தாளை வைத்து, சென்னியப்பன் இரண்டாவது கோட்டைப் போட்டார். டீச்சர் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு திருத்தமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

*

மரவேலை பழைய கூடத்தின் வாசலிலேயே நடந்தது. ஆசாரியின் பெயர் குமரவேல். சுவருக்கு மேலும் கீழுமாக இரண்டு, ஆக நான்கு கம்பி. அதில் மூன்றைப் புதிதாகக் கடைந்து முடித்துவிட்டு, அவர் சுவரிலிருந்த பழைய தேக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இது வைரம் பாஞ்ச தேக்குங்க. இன்னும் நூறு வருசம் இருக்கும். இடிக்கறப்போ வீணாப் போயிரும். எளைச்சு மெல்லிசு பண்ணினா நாலாவது கம்பிக்கு இதுவே ஆச்சு. என்ன சொல்றீங்க?"

சென்னியப்பன் பழைய கம்பியில் ஒரு தடவை கையை ஓட்டினார்.

"பண்ணுங்க" என்றார்.

இழைப்புளி முதல் தடவை ஓடியபோது கறுப்பாக ஒரு சுருள் எழும்பி விழுந்தது. தைல வாசனை குப்பென்று வந்தது. எத்தனை வருஷத்துத் தைலம்! எத்தனை பேருடைய கை! அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றார். இரண்டாவது சுருளிலும் அந்த வாசனை இருந்தது. மூன்றாவதில் கொஞ்சம். அப்புறம் வெளுப்பான மரம் வந்துவிட்டது. வெறும் தேக்கு வாசனைதான்.

சாயங்காலம் நான்கு கம்பிகளுக்கும் மெழுகு பூசி வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார். எது பழையது என்று அவர் கைக்குத் தெரியவில்லை.

*

புதுக் கூடத்துக்கு விழா ஒன்றும் வைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை டீச்சர் வந்து கதவைத் திறந்தார்; நோயாளிகள் வந்தார்கள். அவ்வளவுதான்.

சென்னியப்பனும் பூவாத்தாளும் வந்தார்கள். டெப்போ முனையில் அவர் தன்னையறியாமல் முன்னால் போய்விட்டார். பத்தடி போனவர் நின்றார். அவள் வந்து சேரும்வரை பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வந்ததும் நடந்தார்.

ஆசாரி திருப்புளியோடு வெளியே உட்கார்ந்திருந்தார், ஏதாவது சரிசெய்ய வேண்டி வந்தால் ஆகட்டும் என்று.

உள்ளே மாராயிக்குக் கம்பியை மூன்று பல் இறக்கினார்கள். அவள் பிடித்துப் பார்த்தாள். தோள் ஏறவில்லை. "அட!" என்றாள். குழந்தை கீழ்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு டீச்சரை முந்திக்கொண்டு போயிற்று. நெசவாளியின் விரல்கள் முழுசாக இல்லாவிட்டாலும் முக்காலுக்கு வளைந்தன. டிரைவர் நடந்து முடித்ததும் தன் முட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சென்னியப்பன் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நெஞ்சு நிறைந்திருந்தது.

பிறகு ராசுக்குட்டி வந்தார். பஸ் கண்டக்டர். ஐம்பது வயது. இடது பக்கம் விழுந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மனைவி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

டீச்சர் அவர் இடுப்பில் பட்டையைக் கட்டி, எழுப்பி நிறுத்தினார். ராசுக்குட்டி வலது கையால் கம்பியைப் பிடித்தார். கால் இழுபட்டது. ஒரு சாண். இன்னொரு சாண். டீச்சர் அவரது இடது பக்கம், ஒரு கை தூரத்தில், கூடவே நகர்ந்தார்.

சென்னியப்பன் தன்னை மறந்து அவரோடு ஒவ்வொரு சாணும் நடந்தார்.

ஜன்னல் வந்தது. வெளியே டெப்போவின் மதில், பழைய டயர்கள், புதிதாக நட்ட ஒரு வேப்பங்கன்று. ராசுக்குட்டி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பினார்.

வலது கைக்கு வேண்டிய கம்பி எதிர்ச்சுவரில் இருந்தது.

இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில், ஜன்னலுக்குக் கீழே, வெறும் தரை.

சென்னியப்பன் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். வரைபடத்தில் அது அவர் கண்ணில் படவே இல்லை. இரண்டு சுவருக்கும் கோடு போட்டவர் இரண்டையும் சேர்க்க மறந்துவிட்டார். நாலு எட்டு. நல்ல கால் உள்ளவனுக்கு நாலு எட்டு. ராசுக்குட்டிக்கு அது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

ராசுக்குட்டி கம்பியின் முனையை விடவில்லை. எதிர்க்கம்பியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

பெஞ்சில் இருந்த மனைவி எழுந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவாத்தாள் அவளிடம் என்னவோ சொன்னாள். அவள் தயங்கித் தயங்கி உள்ளே வந்து, அந்த வெறும் தரையின் நடுவில், முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சென்னியப்பன் விரைந்து டீச்சரிடம் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், பெரிய தப்புப் பண்ணிட்டனுங்க. ஜன்னலுக்குக் கீழ கம்பியே இல்ல. ஆசாரி வெளியதான் இருக்காரு. ஒரு மணி நேரம் குடுங்க, போட்டுடறேன்."

டீச்சர் ராசுக்குட்டியின் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாலே நாலு எட்டுதானுங்க டீச்சர்."

"ஆமாங்கய்யா" என்றார் டீச்சர். "கம்பி இல்லாம நடக்கற அந்த நாலு எட்டுக்காகத்தான் இத்தனை கம்பியும்."